‘கையைத் தூக்கிட்டேன் மிஸ், கால் போகமாட்டேங்குது’: டம்ப்ளிங் என்ற கரணப் பயிற்சியில் மனத்தடை வந்த பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

குன்னூரில் நவம்பர் மாதம் நாலரை மணிக்கெல்லாம் மூடுபனி வந்து ஹால் ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு மாலையில், எங்கள் பள்ளி சியர் அணியில் (இசைக்குக் குழுவாக ஆடிக் கரணம் போடும் அணி) ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மெத்தையின் நுனியில் நின்றாள். பேக் ஹேண்ட்ஸ்பிரிங், அதாவது பின்னால் பாய்ந்து கை ஊன்றிக் காலைச் சுழற்றி நிற்கும் கரணம், அவளுக்குப் புதிதல்ல. இரண்டு வருடமாகச் செய்கிறாள், தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்வாள். கையைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கையை இறக்கிவிட்டாள். மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். நாற்பது நிமிடம் இதே. ஓரத்தில் நின்று “உன்னால முடியும், போ! போ!” என்று கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் என்னைப் பார்த்து, “கையைத் தூக்கிட்டேன் மிஸ், கால் போகமாட்டேங்குது” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே நான் சரியாகக் கேட்டிருந்தால் அவளுக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். மனம் வராததால் நிற்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு மனம் இருந்தது. உடல்தான் உத்தரவை ஏற்கவில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. சியர், ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன். தடையில் மாட்டிய பிள்ளையே படித்தால் இன்னும் நல்லது.

உள்ளே என்ன நடக்கிறது

முன்னால் குட்டிக்கரணம் போடும்போது தரை கண்ணில் படும். பின்னால் போகும்போது, கிளம்புகிற அந்த அரை நொடி தரை தெரியாது. உடல் எந்தத் திசையில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களும், தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்புகளும்தான் மூளைக்குச் சொல்கின்றன. நூற்றுக்கணக்கான தடவை செய்து பழகிய பிறகு இந்தக் கணக்கு யோசனை இல்லாமலே ஓடும். மாடிப்படி இறங்குவதும் அப்படித்தான். பாதிப் படியில் ‘இப்போ எந்தக் கால்?’ என்று யோசித்தால் தடுமாறுவோம். மனத்தடை வந்த பிள்ளை ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எதனால் தொடங்கும்? கீழே விழுந்தது, கூடப் பழகுகிறவள் விழுந்ததைப் பார்த்தது, மே மாத விடுமுறை, பரீட்சைக்காக விட்ட இடைவெளி, ஒரு வித்தை உறுதிப்படும் முன் அடுத்ததற்கு இழுத்தது, போட்டி நெருக்கம், களைப்பு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இன்னொன்றும் உண்டு. ஆறே மாதத்தில் நாலு சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளையின் கையும் காலும் பழைய கணக்குக்குப் பொருந்தாது. தரை எதிர்பார்த்த நேரத்தில் வராது. உடல் அதைக் கவனித்துவிடுகிறது, பிள்ளைக்குக் காரணம் புரிவதில்லை. பல சமயம் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. அப்போது தேடுவதை விட்டுவிடுங்கள். காரணம் தெரியாமலும் திரும்பி வரலாம்.

நன்றாகச் செய்கிற பிள்ளைகளுக்கே இது அதிகம் வருவதைப் பார்த்திருக்கிறேன். 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக் குழு இறுதிச்சுற்றில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் வால்ட்டில் (ஓடிவந்து மேசை மேல் கை ஊன்றித் தாவுவது) இரண்டரைத் திருகு, அதாவது காற்றில் இரண்டரைச் சுற்று உடலைத் திருப்பும் வித்தை, போடத் தாவி, ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதோடு அந்தச் சுற்றிலிருந்து விலகினார். ஆகஸ்ட் 3 அன்று ஒடுங்கிய கட்டை மேல் செய்யும் பீம் போட்டிக்கு மட்டும் வந்தார். இறங்கும் கரணத்தில் திருகையே எடுத்துவிட்டு, திருகில்லாத இரட்டைக் கரணம் போட்டு வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கம் திரும்ப அவருக்கே. தடை வந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதையைச் சொல்கிறேன். பாரிஸ் தங்கத்தைவிட, டோக்கியோவில் திருகை எடுத்துவிட்ட அந்த முடிவைத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் படி: உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்வது

இதைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது. மணிக்கட்டு வலிக்கிறதா? முதுகை வளைக்கும்போது இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் குத்துகிறதா? திரும்பத் திரும்ப முதுகை வளைக்கும் பிள்ளைகளுக்குக் கீழ்முதுகு எலும்பில் நுண்ணிய விரிசல் விழுவது உண்டு. வலி இரண்டு வாரம் நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கரணம் கிடையாது. தலைசுற்றல், புதுக் கண்ணாடி, மதியம் சாப்பிடாமல் வருவது, மாதவிடாய் நாட்களில் சோர்வு எல்லாவற்றையும் கேளுங்கள். வலியைச் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காற்றில் இருக்கும்போது “எங்க இருக்கேன்னே தெரியல” என்று பிள்ளை சொன்னால் அது வேறு. கிளம்ப முடியாமல் நிற்பதைவிட ஆபத்து அதிகம். திருகு, காற்றுக்கரணம் எல்லாவற்றையும் அன்றே நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: அந்த வித்தையை அலமாரியில் வைத்துப் பூட்டுவது

இரண்டு வாரம் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் கிடையாது என்று பயிற்சியாளர் வாயாலேயே சொல்ல வேண்டும். “முடிஞ்சா செய்” என்று விட்டால் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு பரீட்சை. கையைத் தூக்கி இறக்குகிற ஒவ்வொரு தடவையும் உடல் மறுப்பதைத்தான் பயில்கிறது. என் பிள்ளை அந்த நாற்பது நிமிடத்தில் மறுப்பதை ஐம்பது அறுபது தடவை பயின்றாள். நான்தான் பயிற்சி கொடுத்தேன்.

அணியின் நிகழ்ச்சியிலும் மாற்றம் செய்யுங்கள். இரண்டரை நிமிட ரொட்டீனில் எட்டு எட்டாக எண்ணும் தாளத்துக்கு ஆறு பேர் ஒரே நேரத்தில் பின்னால் போகும்போது ஒருத்தி மட்டும் நின்றால் மோதல் நடக்கும். அவளுக்கு அந்த எட்டுக்கு பக்கவாட்டில் சக்கரம்போல் சுழலும் ஒரு கார்ட்வீலோ, மெதுவாகப் பின்னால் வளைந்து கடக்கும் பேக் வாக்ஓவரோ கொடுங்கள். “தற்காலிகமா” என்று இழுக்காமல், “இதுதான் இப்போ உன் இடம்” என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாம் படி: மலைக்காற்றையும் பயத்தையும் பிரித்துப் பார்ப்பது

சமவெளியில் சொல்லித்தருகிறவர்களுக்கு இந்தப் படி வேண்டியிராது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்திருக்கும். குன்னூரில் ஐந்தில் ஒரு பங்கு. ஜூன் மாதம் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ விடுதிப் பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைக்கு முதல் சில வாரம் ஓடினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். பயம் வந்தாலும் இதே படபடப்புதான். மூளைக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாமல், ‘நெஞ்சு அடிக்குது, அப்போ ஏதோ ஆபத்து’ என்று முடிவு கட்டிவிடும்.

ஒரு சின்னப் பயிற்சி போதும். எந்த வித்தையும் இல்லாமல் இருபது தடவை குதிக்கச் சொல்லுங்கள். நெஞ்சில் கை வைத்துப் பார்க்கட்டும். பிறகு உட்கார்ந்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடட்டும். இரண்டு நிமிடத்தில் படபடப்பு இறங்குவதை அவளே உணர்வாள். “இது பயம் இல்ல கண்ணு, மலை” என்று நான் சொல்வேன். சில பிள்ளைகளுக்குப் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

குளிரும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் விறைத்த தோளும் மணிக்கட்டும் தாமதமாக வேலை செய்யும். அந்தத் தாமதத்தை உடல் நம்பிக்கைக் குறைவாகக் கணக்கு வைக்கும். சூடேற்ற இருபத்தைந்து நிமிடம் கொடுங்கள். ஸ்வெட்டரைக் கடைசியில் கழற்றட்டும், முறை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளட்டும். வரிசையில் சும்மா நிற்க விடாதீர்கள். தென்னை நார் மெத்தை இந்த ஈரத்தில் தண்ணீர் குடித்துக் கட்டிகட்டியாகும். பிள்ளை நிற்கும் முன் நீங்கள் அதன் மேல் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். மழை ஈரம் காயாத புல்லில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம்.

நான்காம் படி: ஏணி

இதுதான் மையம். நேரம் முழுவதையும் இங்கே செலவிடுங்கள்.

பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கைப் பத்துப் பன்னிரண்டு துண்டாக உடைத்து எழுதுங்கள். எங்கள் நோட்டில் கீழிருந்து மேலாக இப்படி இருந்தது: தரையில் பிரிட்ஜ் (மல்லாந்து, கையும் காலும் ஊன்றி உடலை வில்லாக உயர்த்துவது). சுவரை ஒட்டி நின்று பின்னால் வளைந்து கையால் இறங்குவது. இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாய்ந்து, இடுப்புயர மெத்தை அடுக்கில் முதுகோடு விழுவது. அதே அடுக்கில் குதித்து விழுவது. உருளை மெத்தையின் மேல் முதுகை வைத்துக் கை ஊன்றிக் காலை அடிப்பது. தலைகீழ் நிலையிலிருந்து காலைச் சட்டென்று தரைக்கு இறக்குவது. சாய்வு மெத்தையில் இரண்டு பேர் ஸ்பாட் (பக்கத்தில் நின்று கையால் தாங்குவது). சாய்வில் ஒருவர். சமதளத்தில் ஒருவர். சமதளத்தில் ஒரு விரல். தரை மேலே இன்னொரு மெத்தை போட்டுத் தனியாக. தனியாக. ரவுண்ட் ஆஃபிலிருந்து (ஓடிவந்து கை ஊன்றித் திரும்பி இரு காலில் இறங்குவது).

ஒவ்வொன்றின் பக்கத்திலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவளே எண் போடட்டும். நீங்கள் போடாதீர்கள், திருத்தவும் வேண்டாம். எண் இரண்டோ அதற்குக் கீழோ இருக்கும் துண்டில்தான் தொடக்கம், அது பிரிட்ஜாகவே இருந்தாலும் சரி. நாலுக்கு மேல் எண் உள்ள எதையும் அன்றைக்குத் தொட வேண்டாம். வெவ்வேறு இரண்டு நாளில் ஒரு துண்டு இரண்டுக்கு இறங்கினால் மேலே போகலாம். ஒரு துண்டுக்குப் பத்துத் தடவைக்கு மேல் வேண்டாம். ‘இன்னொண்ணு செய்யட்டுமா மிஸ்?’ என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நம் ரயில் கல்லாறு தாண்டியதும் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை இங்கே எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம் அது. அங்கே நடுவில் இருப்பது இரட்டைப் பல்பட்டை. ஒன்றின் பல்லுக்கு மற்றதன் பல் சற்று விலகி அமைந்திருக்கும். அதனால் ஒரு பல் விடுவதற்குள் அடுத்தது பிடித்திருக்கும். ஏணியையும் அப்படியே ஏற வேண்டும். ஒவ்வொரு நாளும் நேற்றைய துண்டில் ஐந்து தடவை, பிறகுதான் இன்றைய துண்டு. பழையதை விட்டுவிட்டுப் புதியதற்குத் தாவினால் நடுவில் எதுவும் பிடித்திருக்காது.

ஏணியில் இறங்கினால் குற்றமில்லை. நேற்று இரண்டாக இருந்தது இன்று ஐந்தாக இருக்கலாம், தூக்கம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு கீழே போங்கள்.

ஒரு சங்கடம் உண்டு. மூத்த பிள்ளை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் பிரிட்ஜ் போட்டுக்கொண்டிருப்பது அவளுக்குக் கூச்சம். நான் கண்ட வழி, பயிற்சியின் முதல் பதினைந்து நிமிடம் அணியில் எல்லோருக்கும் அடிப்படைதான். கேப்டனும் பிரிட்ஜ் போடுவாள். தடை வந்தவளைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கியது, இன்றைக்கு எங்கள் அணியின் பழக்கமாகிவிட்டது. எல்லோருடைய பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கும் நீளமாகவும் தாழ்வாகவும் மாறியது எனக்கே எதிர்பாராத லாபம்.

தடை நீடிக்கும்போது வித்தையும் கெட்டுப்போகும். பயந்த பிள்ளை பின்னால் நீளமாகப் போகாமல் நேராக மேலே குதிக்கிறாள், தலையை முந்தி எறிகிறாள், முழங்கையை மடக்குகிறாள். அப்படி இறங்கினால் உண்மையிலேயே வலிக்கும், பயம் சரிதான் என்று ஆகிவிடும். ‘உட்கார்ந்து விழுவது’ என்ற மூன்றாவது துண்டில் ஒரு வாரம் இருந்தாலும் நஷ்டமில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஐந்தாம் படி: ஸ்பாட்டைக் குறைப்பது

ஒரு விரல் முதுகில் பட்டால் போகிறாள், விரலை எடுத்தால் நிற்கிறாள். எல்லாப் பயிற்சியாளருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அந்த விரல் எதையும் தூக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்காக, ‘பிடிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கடைசி நொடியில் கையை எடுக்காதீர்கள். அவள் அன்று வெற்றிகரமாக இறங்கினாலும்கூட, அடுத்த தடவை உங்கள் கையை நம்ப மாட்டாள். அதற்குப் பிறகு ஏணியும் வேலை செய்யாது.

முன்கூட்டியே சொல்லி, தொடுவதற்கு அவள் சம்மதம் கேட்டு, குறைத்துக்கொண்டே வாருங்கள். கீழ்முதுகிலும் தொடைக்குப் பின்னாலும் முழுக் கை. பிறகு முதுகில் மட்டும். பிறகு விரல். பிறகு தொடாமல் பக்கத்தில். ஓர் அடி தள்ளி. மூன்று அடி தள்ளி. ஹாலின் மறு ஓரத்தில். ஒவ்வொரு தூரமும் ஏணியில் ஒரு துண்டு, அதற்கும் எண் உண்டு. ‘தொடாமல் பக்கத்தில்’ என்ற துண்டில் மட்டும் நாங்கள் மூன்று வாரம் இருந்தோம்.

ஆறாம் படி: மூன்று சொல், மூன்று எண்ணிக்கை

‘விழுந்துடாதே’ என்பதைக் கேட்கும் மனசு விழுவதைத்தான் படமாகப் பார்க்கும். உடலுக்குச் செய்ய வேண்டியதைக் கொடுங்கள். எங்கள் சொற்கள்: ‘உக்காரு, வீசு, தள்ளு.’ உட்காரும்போது ஒன்று, கையை வீசும்போது ஒன்று, தரையைத் தள்ளும்போது ஒன்று. பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் தானே தேர்ந்தெடுத்தால் இன்னும் நன்றாக ஒட்டும். ஏணியின் முதல் துண்டிலிருந்தே அந்தச் சொற்களோடு பழகட்டும்.

மூன்று எண்ணிக்கைக்குள் கிளம்பவில்லை என்றால் கையை இறக்கி, மெத்தையை விட்டு வெளியே வந்து, ஒரு துண்டு கீழே போய் அதைச் செய்துவிட்டு வரிசையில் சேர வேண்டும். இது தண்டனை கிடையாது என்று முன்பே சொல்லி வையுங்கள். நின்று நின்று மறுப்பதைப் பழகாமல் இருக்கத்தான் இது.

இரவில் படுக்கையில் ஐந்து நிமிடம் மனசுக்குள் செய்து பார்க்கலாம். வெளியிலிருந்து வீடியோ பார்ப்பதுபோல் அல்லாமல், தன் கண்ணுக்குள் இருந்து, உண்மையான வேகத்தில். நடுவில் விழுவதுபோல் படம் வந்தால் நிறுத்தி, கடைசியாகச் சரியாக இருந்த இடத்திலிருந்து மெதுவாக மறுபடி ஓட்டட்டும்.

“உன்னால் முடியும்” என்பது ஏன் எடுபடவில்லை என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நாலு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் வார்த்தை, உடலின் அப்போதைய நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வார்த்தை அதற்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. நாற்பது நிமிடம் நான் கத்தியதைவிட, பயம் இரண்டு என்று எழுதிய ஒரு பிரிட்ஜ் அவளுக்கு அதிகம் கொடுத்தது.

வீட்டில்

பெற்றோரிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே “இன்னிக்கு கரணம் போட்டியா?” என்று கேட்காதீர்கள். போன் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். ‘பணத்தால்கூட முடியாத அளவுக்கு எனக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்றுதான் பிள்ளை புரிந்துகொள்வாள். ‘கரணம் தப்பினால் மரணம்’ என்று நம் வீடுகளில் பாட்டிமார் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி மனசுக்குள் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் ஓட்டிப் பார்க்கும் பிள்ளையின் காதில் அது விழக் கூடாது. “என்ன சாப்பிடறே?” என்று கேளுங்கள், போதும்.

தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போகவே அழுது, எல்லாவற்றுக்கும் பயம் பரவினால் அது இந்த ஏணியில் அடங்காது. மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

திரும்பி வந்த பிறகு

சமதளத்தில் தனியாகச் செய்துவிட்டாள் என்றதும் அடுத்த நாளே ரொட்டீனில் சேர்க்காதீர்கள். இசை, கூட்டம், புதிய தரை மூன்றும் மூன்று தனித் துண்டுகள். முதலில் எண்ணிக்கைக்கு, பிறகு இசைக்கு, பிறகு இரண்டு பேரோடு, பிறகு அணியோடு. கோயம்புத்தூருக்குப் போட்டிக்கு இறங்கினால் வெயில் வேறு, தரை வேறு. போன உடனே தனி இடத்தில் ஏணியின் கீழ்ப்பாதி முழுவதையும் ஒருமுறை செய்யவிடுங்கள்.

தடை மறுபடி வரலாம். பழைய பய நினைவு அழிவதில்லை. அதன் மேல் புதிய நினைவு படிகிறது, அவ்வளவுதான். தூக்கம் குறைந்தாலோ பரீட்சை வந்தாலோ பழையது எட்டிப் பார்க்கும். அப்போது நோட்டைத் திறந்து, கடைசியாக இரண்டு என்று எழுதிய துண்டைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். முதல் முறை மாதக்கணக்கில் ஆனது இரண்டாம் முறை பெரும்பாலும் சில நாளில் முடிந்துவிடுகிறது.

என் பிள்ளைக்கு நாலு மாதம் ஆனது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, யாரும் கைதட்டக் கூடாது என்று மற்றவர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். நான் ஜன்னல் பக்கம் நின்றேன், அவளுக்கும் எனக்கும் நடுவில் முழு ஹால். உதடு அசைந்தது. உக்காரு, வீசு, தள்ளு. இறங்கியதும் என்னைப் பார்க்காமல் நேரே நோட்டிடம் போய், பன்னிரண்டாவது வரியில் ‘3’ என்று எழுதினாள். திங்கட்கிழமை ‘2’.